வேங்கடத்து ஏக்கமும் திருப்பதி நகரமும்: இலக்கியமும் கல்வெட்டும் காட்டும் இரு வேறு கடந்த காலங்கள்

தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகத் தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் வேங்கடத்தைக் குறிக்கின்றது, தென்னெல்லை குமரி. இவ்விரு எல்லைகளைச் சுற்றியும் தமிழரிடையே இழப்புணர்வு வளர்ந்துள்ளது. குமரியைப் பற்றிய ஏக்கம் கடல்கொண்ட நிலத்தை நோக்கியது. அதனைச் சென்று பார்க்க இயலாது. வேங்கடமோ கண்முன் நிற்கின்றது. சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம். எனினும் ‘நம்மிடமிருந்து போன ஊர்’ என்றே மேடைகளிலும் நூல்களிலும் திருப்பதி பேசப்பட்டு வருகின்றது. இந்த ஏக்கம் எந்தத் திருப்பதியை நினைக்கின்றது, எந்தத் திருப்பதியை மறக்கின்றது என்பதனை இலக்கியம், கல்வெட்டு, அண்மை வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கப் பாடல்களில் வேங்கடம் மிகுதியும் பாலைத்திணையில் வருகின்றது. மாமூலனார் பாடல்களில் அது கள்வர் தலைவன் புல்லியின் மலை. பொருள்தேடிச் சென்ற தலைவன் அதனைக் கடந்து, மொழி வேறுபடும் நாட்டிற்குச் செல்கின்றான். இங்கே இருப்பவள் அங்கே சென்றவனை எண்ணி வருந்துகின்றாள். எனவே தமிழ்க் கவிதையில் தொடக்கத்திலேயே வேங்கடம் பிரிவின் திசையாக அமைந்துவிட்டது எனலாம். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் திருவரங்கத்தையும் வேங்கடத்தையும் காணும் வேட்கையோடு வழிநடக்கின்றான். ஆழ்வார்களிடம் இவ்வேட்கை உச்சம் அடைகின்றது. அம்மலையில் ஏதேனும் ஒன்றாகக் கிடக்க விரும்பிய குலசேகராழ்வாரின் நினைவாகவே கருவறை வாயிற்படி இன்றும் ‘குலசேகரப்படி’ எனப்படுகின்றது.

இங்கு ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். சங்கப் புலவரும் ஆழ்வாரும் பாடியது மலையை. அருவியை, யானையை, மேகத்தை. நகரம் ஒன்று அப்பாடல்களில் இல்லை. இருக்கவும் இயலாது. இன்று திருப்பதி என வழங்கும் அடிவார நகரம், இராமானுசர் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கோவிந்தராசர் கோயிலைச் சுற்றி உருப்பெற்றது என்பது வைணவ மரபு. அதற்கு முன் அப்பகுதியின் முதன்மையான ஊர் திருச்சானூரேயாகும். பழைய கல்வெட்டுகள் அதனைத் திருவேங்கடக்கோட்டத்துக் குடவூர்நாட்டுத் திருச்சோகினூர் என்று குறிக்கின்றன. அவ்வூர்ச் சபையார் பொன் பெற்றுக்கொண்டு கோயில் விளக்கெரிக்க ஒப்புக்கொண்டனர். பல்லவ அரசி சாமவை வெள்ளித் திருமேனி அளித்து, அதற்கான வழிபாட்டிற்கும் விழாவிற்கும் நிலம் வழங்கியதைக் கூறும் கல்வெட்டு கி.பி. 966ஐச் சார்ந்ததாகக் கொள்ளப்படுகின்றது. பாசுரங்களின் வேங்கடத்தை மட்டும் மனத்திற்கொண்டு இன்றைய நகரத்தை அளப்போர், ஒருபோதும் நகரமாக இராத ஒன்றோடு ஒரு நகரத்தை ஒப்பிடுகின்றனர்.

நகரத்தின் உண்மையான கடந்த காலம் கல்வெட்டுகளில் உள்ளது. தேவஸ்தானம் 1930களில் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட கல்வெட்டுகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பான்மையானவை தமிழ்க் கல்வெட்டுகள். ‘திருப்பதி தமிழ் நகரம்’ என்பதற்குச் சான்றாக இவ்வெண்ணிக்கை மட்டும் பலமுறை எடுத்துக்காட்டப்படுகின்றது. அவற்றின் உள்ளே என்ன எழுதப்பட்டுள்ளது என்பது அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை.

அவற்றுள் மிகப் பெரும்பகுதி விசயநகரக் காலத்தைச் சார்ந்தது. ஆண்டவர்கள் சாளுவர், துளுவர், ஆரவீட்டார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர். ஆயினும் கொடைகள் தமிழில் பொறிக்கப்பட்டன. கோயில் நிருவாகிகளான தானத்தார் கொடையாளிக்குச் சாசனம் எழுதிக் கொடுப்பர். இறுதியில் கோயில் கணக்குத் திருநின்றவூருடையான் என்ற பெயர் காணப்படும். அரச மரபுகள் மாறியும் இக்கணக்கர் பெயர் மாறாமல் தொடர்கின்றது. திருப்போனகம், அப்பப்படி, அதிரசப்படி என ஒவ்வொரு படைப்பிற்கும் அரிசி, நெய், பயறு, மிளகு முதலியவற்றின் அளவுகள் குறிக்கப்பட்டுள்ளன. படைத்த பிரசாதத்தில் கொடையாளிக்குரிய நாலில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ எனப்பட்டது. கொடையாளி விரும்பினால் அப்பங்கு மடத்திற்கோ இராமானுச கூடத்திற்கோ செல்லும். சாளுவ நரசிம்மர் காலத்தில் கந்தாடை இராமானுச அய்யங்காரின் பொறுப்பில் இயங்கிய இராமானுச கூடங்களில் வழிப்போக்கர் உண்டனர். கொடைப்பணம் கோயில் ஊர்களின் ஏரி, கால்வாய்களில் இடப்பட்டது. அதனால் விளைந்த கூடுதல் விளைச்சலே அன்றாடப் படைப்பிற்கு ஆதாரமாயிற்று. இவ்வமைப்பைப் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிக் காட்டியுள்ளார்.

மொழி நிலையைப் பொறுத்தவரை மேலும் ஒரு செய்தி சிறப்பாகச் சுட்டத்தக்கது. கிருஷ்ணதேவராயர் 1513இல் அளித்த கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்டன. தெலுங்குக் கீர்த்தனை மரபின் முதல்வராகப் போற்றப்படும் தாள்ளபாக்கம் அன்னமாசாரியரின் (1408-1503) குடும்பத்தார் பாடியது தெலுங்கில். அப்பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலிலேயே காக்கப்பட்டன. அதே குடும்பத்தினர் கோயிலுக்கு அளித்த கொடைகளின் சாசனங்களோ தமிழில் உள்ளன. ஒரே வீட்டார் ஒரு மொழியில் பாடி, மற்றொரு மொழியில் கணக்கு முடித்தனர். இதனை ஒரு மொழியின் ஆதிக்கம் என்றோ மற்றொன்றின் பணிவு என்றோ கொள்வதற்கு இடமில்லை. அந்நகரின் இயல்பான நடைமுறை அதுவாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் ஏக்கம் வேறு வடிவம் கொண்டது. அதற்குச் சித்தூரின் வரலாறு முன்னுரை போன்றது. வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது சித்தூர்தான். 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளை இணைத்துச் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய இம்மாவட்டம் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்துடன் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், திருத்தணி வட்டாரத்தில் மங்கலங்கிழார் ஆற்றிய தமிழ்ப்பணியும் இச்சூழலில் எழுந்தவை. படாஸ்கர் பரிந்துரையின் வழி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் வரவில்லை. அப்போராட்டத்தின் நியாயத்தைக் குறைத்து மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. அது இல்லையேல் திருத்தணியும் இல்லை. ஆனால் போராட்ட மேடைக்குத் தேவைப்பட்டது ஒருமொழி நகரம். கல்வெட்டின் இருமொழி நகரம் அங்குப் பயன்படாது. அன்று மேடைக்காகச் சுருக்கப்பட்ட உருவமே பிற்காலத்தார்க்கு நினைவாக எஞ்சியது.

இதற்கிடையில் நகரம் தன்போக்கில் மாறிக்கொண்டிருந்தது. 1843 முதல் ஆத்தீராம்ஜி மடத்து மகந்துகளின் பொறுப்பில் இருந்த கோயில் 1933இல் தேவஸ்தானத்தின் நிருவாகத்திற்கு வந்தது. 1944இல் மலைச்சாலை திறக்கப்பட்டது. இம்மாற்றத்தின் விளைவு, எல்லை மாற்றத்தின் விளைவினும் பெரிது என்பது என் கருத்து. அதுவரை பயணி அடிவாரத்துச் சத்திரத்தில் தங்கி, அலிபிரியிலிருந்து ஏறத்தாழ 3,550 படிகள் ஏறி, மேலே மாடவீதி வீடுகளில் ஒதுங்கி, இறங்கி வந்து கோவிந்தராசரையும் திருச்சானூர்த் தாயாரையும் வணங்கி ஊர் திரும்புவார். சாலை வந்தபின் மலை ஒருநாள் பயணமாயிற்று. பலருக்குக் கீழ்நகரம் பேருந்து மாறும் இடமாயிற்று. இப்போது நாள்தோறும் அறுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் மலைக்கு வருகின்றனர். இத்தகைய திரளுக்கு இடம்செய்யவே மாடவீதிகள் அகலப்படுத்தப்பட்டன. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தோர் வீடுகளை இழந்தனர். திருமலைக் கோயிலின் முன் சாளுவ மல்லதேவர் 1464இல் எழுப்பிய ஆயிரங்கால் மண்டபம் 2003இல் இடிக்கப்பட்டது.

அம்மண்டபத்திற்காக எதிர்ப்புக் குரல் எழுப்பியோர், மீண்டும் கட்டவேண்டும் என்று கோரியோர் பெரும்பாலும் தெலுங்கர். ‘நம் திருப்பதி’ என்று ஏங்கும் தமிழ் எழுத்தில் 1953 இடம்பெறும் அளவிற்கு 2003 இடம்பெறவில்லை. யாருக்குரியது என்ற வினாவில் நின்றுவிட்ட ஏக்கம், என்ன இருந்தது என்ற வினாவிற்கு வருவதில்லை. கூட்டத்திற்கு வழி வேண்டும் என்ற நிருவாகத்தின் வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது என்பதும் உண்மையே. 1985இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் இராமானுச கூடங்கள் எண்ணியும் பாராத அளவில் மக்களுக்கு உணவளிக்கின்றது. பழையது முழுவதும் நல்லது என்று கொள்வார்க்கு இது இடர்ப்பாடான சான்று.

நகரம் தன் கடந்த காலத்தை முற்றும் மறந்துவிடவும் இல்லை. மார்கழி முழுவதும் திருமலையில் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகின்றது. அத்யயன உற்சவத்தில் திவ்வியப்பிரபந்தம் இருபத்தைந்து நாள் ஒலிக்கின்றது. கேட்டு நிற்போர் பெரும்பாலும் தெலுங்கர். அவர்கள் அதனைப் பிறமொழி வழிபாடாகக் கருதுவதில்லை. சைவர் கபில தீர்த்தம் என்பதை வைணவ மரபு ஆழ்வார் தீர்த்தம் என்கின்றது. அலிபிரி என்பதை ‘அடிப்புளி’ என்ற தமிழ்ச் சொல்லின் திரிபாக வைணவர் விளக்குவர். இராமானுசர்க்குத் திருமலைநம்பி இராமாயணப் பொருள் உரைத்த புளியமரத்தடி அது என்பர்.

1886இல் நகராட்சியாகவும் 2007இல் மாநகராட்சியாகவும் ஆன திருப்பதி, 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஒருகாலத்தில் வட ஆர்க்காடு முழுவதற்கும் தலைமையாக இருந்த சித்தூர், இப்பிரிவிற்குப்பின் மேலும் சிறிய மாவட்டமொன்றின் தலைநகராக உள்ளது. திருப்பதியில் தாதய்யகுண்டா, கொர்லகுண்டா முதலிய நகர்ப்பகுதிகள் வீடுகளும் கடைகளும் நிறைந்தவை. ‘குண்டா’ என்றால் குட்டை. அரசரும் ஆசாரியரும் கொடைப்பொன்னை ஏரிக்கும் காலுக்கும் இட்ட ஊரில், நீர்நிலையின் நினைவு இத்தகைய தெலுங்குப் பெயர்களில் தங்கியுள்ளது. அந்த ஏரிகளின், கால்களின் கணக்கு ஆறு தொகுதிகளில் தமிழில் உள்ளது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க இரு மொழியும் வேண்டும். திருப்பதி வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்திலும், 1997இல் தோன்றிய குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்த்துறையும் தெலுங்குத்துறையும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன.