கப்பலில் பால்கனி ரூம்... இடது பக்கமா, வலது பக்கமா? புக் பண்ணும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

சொகுசுக் கப்பலில் பால்கனி வைத்த அறைக்கு, ஜன்னல் மட்டும் இருக்கும் அறையைவிடக் கட்டணம் அதிகம். அந்தக் கூடுதல் பணம் பெரும்பாலும் வெளியே தெரியும் காட்சிக்காகத்தான். ஆனால், ஏறி உட்கார்ந்த பிறகு மலையும் பனியும் எதிர்ப்பக்க அறைக்காரர்களுக்குத் தெரிகிறது, நமக்கு வெறும் கடல்தான் தெரிகிறது என்றால் எப்படி இருக்கும்?

பொதுவாக ஒரே தளத்தில், ஒரே வகை அறைக்கு இரண்டு பக்கமும் விலையில் வித்தியாசம் இருக்காது. அதாவது, புக் பண்ணும்போதே பக்கம் பார்த்துத் தேர்வு செய்ய தனிச் செலவு கிடையாது. கப்பல் நிரம்பிய பிறகு மாற்றுவதுதான் கஷ்டம். அதனால் இந்த முடிவை முதலிலேயே எடுப்பது நல்லது. சில பயணங்களில் பக்கம் ரொம்ப முக்கியம். பல பயணங்களில் அது ஒரு பொருட்டே இல்லை. உங்கள் பயணம் எந்த வகை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

போர்ட், ஸ்டார்போர்டு என்றால் என்ன?

கப்பலின் முன்பக்கத்தைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் 'போர்ட்'. வலது கைப் பக்கம் 'ஸ்டார்போர்டு'. பயணி எந்தத் திசை பார்த்து நின்றாலும் இந்தப் பெயர்கள் மாறாது. இரவில் போர்ட் பக்கம் சிவப்பு விளக்கும், ஸ்டார்போர்டு பக்கம் பச்சை விளக்கும் எரியும். ஞாபகம் வைக்க ஒரு எளிய வழி இருக்கிறது: ஆங்கிலத்தில் 'போர்ட்', 'லெஃப்ட்' இரண்டுமே நான்கு எழுத்துச் சொற்கள்.

பழைய காலத்தில் கப்பலைத் திருப்பும் துடுப்பு வலது பக்கம் இருந்தது. அதிலிருந்து வந்த பெயர்தான் ஸ்டார்போர்டு. துடுப்பு இடிபடாமல் இருக்க இடது பக்கத்தைத் துறைமுகத்தை ஒட்டிக் கட்டுவார்கள். இடது பக்கத்துக்கு முதலில் 'லார்போர்டு' என்ற பெயர்தான் இருந்தது. இரண்டும் காதில் ஒரே மாதிரி விழுந்து குழப்பம் வந்ததால், 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை அதை 'போர்ட்' என்று மாற்றியது.

முதல் கேள்வி: ஒருவழிப் பயணமா, சுற்றுப் பயணமா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கப்பல் ஒரு ஊரில் கிளம்பி, கரையை ஒட்டியே போய், வேறு ஊரில் பயணத்தை முடித்தால் அது ஒருவழிப் பயணம். இதில் ஒரு பக்கத்துக்குக் கரை, மறுபக்கத்துக்குத் திறந்த கடல். இங்கே பக்கம் முக்கியம்.

கிளம்பிய ஊருக்கே அதே வழியில் திரும்பினால், போகும்போது கரை தெரியாத பக்கத்துக்கு வரும்போது தெரியும். கணக்கு கிட்டத்தட்ட சரியாகிவிடும். இங்கே பக்கத்துக்காக நல்ல இடத்தில் இருக்கும் அறையை விட வேண்டியதில்லை.

அலாஸ்கா: அதிகம் கேட்கப்படும் உதாரணம்

'எந்தப் பக்கம்' என்ற கேள்வி அதிகம் எழும் பயணங்களில் ஒன்று அலாஸ்கா. இங்கே இரண்டு வகைப் பயணமும் உண்டு. சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்புவது ஒன்று. கனடாவின் வான்கூவரில் ஏறி, அலாஸ்காவின் சூவர்ட் அல்லது விட்டியர் துறைமுகத்தில் இறங்குவது இன்னொன்று.

ஒருவழிப் பயணம் ஏன் வான்கூவரில் தொடங்குகிறது? வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல்கள் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட, 1886-ம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. பெரிய சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கொடியுடன்தான் ஓடுகின்றன.

வான்கூவரிலிருந்து வடக்கே போகும்போது கண்டத்தின் கரை வலது பக்கம் இருக்கும். அதனால் வடக்கு நோக்கி என்றால் ஸ்டார்போர்டு. அலாஸ்காவில் ஏறி தெற்கே வந்தால் போர்ட். இதுதான் அடிப்படை விதி.

ஆனால் இந்த விதி பயணம் முழுவதற்கும் பொருந்தாது. 'இன்சைட் பாசேஜ்' எனப்படும் பகுதியில் கப்பல் தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே போகிறது. அங்கே இரண்டு பக்கமும் காடும் மலையும் தெரியும். அதைத் தாண்டி அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும்போதுதான் வித்தியாசம் பெரிதாகும். வானம் தெளிவாக இருந்தால் வலது பக்கம் தூரத்தில் பனி மலைத்தொடர் தெரியும், இடது பக்கம் பசிபிக் கடல் மட்டும்தான்.

பனியாறுகள் எந்தப் பக்கம் தெரியும்?

அலாஸ்கா போகிறவர்களின் பெரிய பயமே, கடலில் வந்து முடியும் பனியாறுகளைத் தவறவிட்டுவிடுவோமோ என்பதுதான். இதில் கவலை வேண்டாம். கிளேசியர் பே தேசியப் பூங்காவில் மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பலை நிறுத்தி, மெதுவாகத் திருப்பி, இரண்டு பக்கத்தினருக்கும் காட்டுவது வழக்கம். ஹப்பர்டு பனியாற்றிலும் இதே நடைமுறைதான்.

அந்த நேரத்தில் பலரும் பால்கனியை விட்டு மேல்தளத்துக்குப் போய்விடுவார்கள். பனிப்பாறை உடைந்து விழுவது எந்த மூலையில் நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மேலே நின்றால் சுற்றிலும் பார்க்கலாம்.

நார்வே: போகும்போது தூங்கிய ஊர், வரும்போது தெரியும்

1893-ல் தொடங்கிய 'ஹுர்டிகுருட்டன்' என்ற கடற்கரைக் கப்பல் சேவை, இப்போது நார்வேயின் பெர்கன் முதல் கிர்கெனெஸ் வரை நடக்கிறது. வடக்கே போகும்போது கரை வலது பக்கம். ஆனால் போய்த் திரும்ப 12 நாள் பயணமாக எடுத்தால் பக்கம் பற்றி யோசிக்கவே வேண்டாம். போகும்போது இரவில் தாண்டிய பல ஊர்கள், திரும்பும்போது பகலில் வருகிற மாதிரி நேர அட்டவணை அமைந்திருக்கிறது. பாதிப் பயணம் மட்டும் எடுப்பவர்கள்தான் வலதா, இடதா என்று பார்க்க வேண்டும்.

கரையே தெரியாவிட்டால்? வெயிலைப் பாருங்கள்

சவுத்தாம்ப்டன் முதல் நியூயார்க் வரை அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பயணத்தில் வழியெல்லாம் தண்ணீர்தான். அங்கே கேள்வி கரை அல்ல, வெயில். அந்தப் பகுதியில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் இருக்கும். மேற்கே போகும் கப்பலுக்குத் தெற்கு என்பது இடது பக்கம். எனவே நியூயார்க் போகும்போது போர்ட் பால்கனிக்கு வெயில், திரும்பும்போது ஸ்டார்போர்டு பால்கனிக்கு வெயில். குளிர்ந்த கடலில் அந்த வெயில் வரம். சூடான கடலில் அதே வெயில் தொல்லை.

'போஷ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சொல்லப்படும் கதையும் இதைச் சுற்றித்தான். பிரிட்டனிலிருந்து இந்தியா வரும்போது இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம் நிழலாக இருக்கும் என்பதால், பணக்காரர்கள் அந்த அறைகளை வாங்குவார்கள், டிக்கெட்டில் அதன் முதல் எழுத்துகளை முத்திரை குத்துவார்கள் என்பது கதை. கதை சுவாரஸ்யம்தான். ஆனால் அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைக்கவில்லை. சொல் ஆராய்ச்சியாளர்களும் இதை ஏற்பதில்லை.

சென்னை - இலங்கை வழியில் எந்தப் பக்கம்?

சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் பயணம் 2023 ஜூனில் தொடங்கியது. இதில் கப்பல் தெற்கு நோக்கிப் போகும்போது இடது பக்கம் கிழக்கு, அதாவது சூரிய உதயம். வலது பக்கம் மேற்கு, அதாவது மாலை வெயிலும் அஸ்தமனமும். திருகோணமலையை நெருங்கும்போது இலங்கைக் கரையும் வலது பக்கம்தான் வரும். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ்.

ஒரு விஷயம் கவனிக்கணும். கோடைக்காலத்தில் மாலை வெயில் படும் பால்கனியில் உட்காருவது சிரமம். காலையில் டீயோடு சூரிய உதயம் பார்க்கணும் என்பவர்களுக்குத் தெற்கே போகையில் இடது பக்கம் வசதி. மும்பையிலிருந்து கொச்சி பக்கம் வரும் பயணத்துக்கும் இதே கணக்குதான்: இடது பக்கம் இந்தியக் கரை, வலது பக்கம் அரபிக்கடல் அஸ்தமனம். ஆனால் கப்பல் கரையிலிருந்து தள்ளியே போகும் என்பதால், பகல் முழுக்கக் கரையைப் பார்க்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய ஆலோசனையை அப்படியே நம்பலாமா?

கூடாது. வெனிஸ் நல்ல உதாரணம். நகருக்குள் நுழையும்போது வலது பக்கம் புனித மார்க் சதுக்கம் தெரியும் என்பதால், 'வெனிஸ் என்றால் ஸ்டார்போர்டு' என்று பல வருடம் சொல்லி வந்தார்கள். ஆனால் 2021 ஆகஸ்ட் 1 முதல், 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்த வழியில் போக இத்தாலி தடை விதித்துவிட்டது. இப்போது அந்த ஆலோசனையை நம்பி அறை எடுத்தால் ஏமாற்றம்தான்.

துறைமுகத்தில் எந்தப் பக்கம் கரையை ஒட்டி நிற்கும் என்பதையும் முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. காற்று, நீரோட்டம், துறைமுகத்தில் ஒதுக்கும் இடம் இவற்றைப் பார்த்து அன்றைக்கு முடிவாகும்.

பக்கத்தைவிட முக்கியமானவை

சரியான பக்கத்தில் அறை எடுத்தும், பால்கனிக்கு நேர் கீழே உயிர்காக்கும் படகு தொங்கினால் பயனில்லை. அதேபோல, கடல் தலைசுற்றல் வருபவர்களுக்கு இடது, வலது வித்தியாசம் எதுவும் செய்யாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறைதான் ஆட்டம் குறைவானது. இரண்டு பக்கமும் பார்க்கணும் என்பவர்களுக்குப் பின்முனையில் இருக்கும் பால்கனி அறைகளும் உண்டு. அங்கிருந்து கப்பல் கடந்து வந்த வழி முழுக்கத் தெரியும்.

புக் பண்ணும் முன் சரிபார்க்க...

- பயணம் ஒருவழியா, சுற்றா என்று பாருங்கள். ஒருவழி என்றால் வரைபடத்தில் வழியை வரைந்து, கரை எந்தக் கைப்பக்கம் வருகிறது என்று பாருங்கள்.

- கரையை ஒட்டிப் போகும் நேரம் பகலா, இரவா என்று நேர அட்டவணையில் பாருங்கள். இரவு என்றால் பக்கம் பொருட்டில்லை.

- அறை எண்ணை வைத்துப் பக்கத்தை ஊகிக்க வேண்டாம். பல கப்பல்களில் ஒரு பக்கம் இரட்டைப்படை, மறுபக்கம் ஒற்றைப்படை. ஆனால் எது எந்தப் பக்கம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தள வரைபடத்தில் முன்முனை எங்கே என்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

- 'கேரண்டி' வகை கட்டணத்தில் விலை குறையலாம். ஆனால் எந்த அறை, எந்தப் பக்கம் என்பதை நிறுவனமே முடிவு செய்யும். பக்கம் முக்கியம் என்றால் இந்த வகை வேண்டாம்.

- 'காட்சி மறைக்கப்படும்' என்ற குறிப்பு அந்த அறைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மொத்தத்தில், கரையை ஒட்டி ஒரே திசையில் போகும் பயணம் என்றால் பக்கம் பார்த்து எடுங்கள். போன வழியிலேயே திரும்பும் பயணம் என்றால், பக்கத்தை விட்டுவிட்டு, படகு மறைக்காத, கப்பலின் நடுவில் உள்ள அறையைப் பிடிப்பதுதான் கொடுத்த பணத்துக்கு லாபம்.