தேசிக்காயும் மரக்கத்தியும்

இப்னு பதூதா என்றால் 1344, புத்தளம், ஆரியச் சக்கரவர்த்தி, பாவாதமலை. பரீட்சைக்கு இவ்வளவும் போதும். ஆனால் அந்த மலைக்குப் போகும் வழியில் அட்டைக்கடிக்கு ஊர்ச்சனம் என்ன செய்தது என்றும் மனிதர் எழுதி வைத்திருக்கிறார். (அட்டை பூச்சியே இல்லை என்று விஞ்ஞான ஆசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

தண்ணீரோரத்துச் செடிகொடிகளில் இருந்து அது ஆள்மேல் பாயுமாம். தயாராக வைத்திருக்கும் தேசிக்காயைப் பிழிந்தால் விழுந்துவிடும். பிறகு அதற்கென்றே உள்ள மரக்கத்தியால் அந்த இடத்தை வழிப்பார்கள். இதைச் செய்யாமல் விட்ட பாபா கூசி என்ற யாத்திரிகர் இரத்தம் போய் இறந்தார் என்றும் ஒரு கதை சொல்கிறார். அது வழியில் கேட்ட கதை, நாங்கள் அப்படியே நம்பத் தேவையில்லை.

தேசிக்காயை மட்டும் நம்பலாம். ஏனென்றால் இன்னொரு சாட்சி இருக்கிறது. 1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்டு, 19 வருடம் கண்டி இராச்சியத்தில் கிடந்த ரொபட் நொக்ஸ். தேசிக்காயையும் உப்பையும் துணியில் முடிந்து, தடியில் கட்டி, நடக்க நடக்கக் காலில் தட்டுவார்கள் என்கிறார். சிலர் கத்திபோலச் சீவிய நாணலால் வழிப்பார்களாம். இப்னு பதூதாவைப் பார்த்து எழுதினார் என்று சொல்லவும் முடியாது. அந்த நூலின் சுருக்கம் ஆங்கிலத்தில் வந்ததே 1829இல். நொக்ஸின் புத்தகம் 1681. இடையில் 300 வருடத்துக்கு மேல், வைத்தியம் மாறவில்லை. பலபேர் கடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த பிறகு சாம்பலைப் பூசித் தட்டிவிடுவார்கள் என்றும் நொக்ஸ் எழுதுகிறார். அது எங்கள் ஆட்களின் குணம்தான்.

வீட்டுக்குள் அவரை அதிசயிக்க வைத்தது கறையான். சிங்களத்தில் இன்றும் வேயா என்பதை அவர் அப்போதே கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதுகிறார். இரும்பு, கல் தவிர எல்லாவற்றையும் தின்னும், வீட்டில் எதையும் நிலத்தில் வைக்க முடியாது. சுவரில் ஏறும்போது மண்ணால் கூடு கட்டிக்கொண்டே ஏறும். அது உடைந்தால் எவ்வளவு உயரத்தில் நின்றாலும் இறங்கி வந்து அடைத்துவிட்டுத்தான் மேலே போகும். அதனால் பெறுமதியான சாமானைச் சனம் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்குமாம்.

எங்கள் வீடுகளில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. உம்மம்மாவின் அரபுத்தமிழ்க் கித்தாபு, காணி உறுதி, பழைய கடிதங்கள் எல்லாம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்பார்கள். திறந்தால் மண். இந்த லீவில் பெட்டியைத் திறப்பவர்கள், மிஞ்சியதைப் போனில் படமெடுத்து எங்களுக்கும் அனுப்புங்கள். வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.