பத்துப் பேர் எழுதி ஐந்து பேர் தேறிய பரீட்சை

டாக்டர் பரீட்சையில் ஒரு பையன் தேறவில்லை என்றால் "சரியாகப் படிக்கவில்லை" என்றுதான் சொல்வோம். எல்லாம் படித்துவிட்டுப் போயும் பரீட்சை அன்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. என் அக்கா மகனுக்கு அது நடந்திருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பினான். அதற்குப் பிறகுதான் அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் பரீட்சையான யு.எஸ்.எம்.எல்.இ.யின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். காமர்ஸ் படித்த பாங்க்காரனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். பாதிக் கதை நாங்கள் கவுண்ட்டரில் தினமும் பார்ப்பதுதான்.

நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் லாபத்துக்காக நடத்தப்பட்ட மருத்துவப் பள்ளிகள் நிறைய இருந்தன. ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் (அவர் டாக்டர் இல்லை!) அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 பள்ளிகளைப் பார்த்துவிட்டு 1910-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். அது வந்த சூட்டில் பல பள்ளிகள் மூடப்பட்டன. லைசென்ஸ் கொடுப்பது ஒவ்வொரு மாநிலத்தின் தனி வேலை. எல்லா மாநிலங்களும் நம்பக்கூடிய ஒரு பரீட்சை வேண்டும் என்று 1915-ல் என்.பி.எம்.இ. என்ற தேசியத் தேர்வு வாரியம் தொடங்கப்பட்டது.

முதல் பரீட்சை 1916 அக்டோபரில் வாஷிங்டனில் நடந்தது. எழுதியவர்கள் 10 பேர், தேறியவர்கள் 5 பேர். ஒரு வாரம் நடந்த பரீட்சை அது. எழுத்து, ஆய்வுக்கூடம், நோயாளியின் கட்டிலருகே கேள்வி பதில், எல்லாம் இருந்தது. கஷ்டமான பரீட்சைதான், ஆனால் எதிரில் ஒரு மனிதர் இருந்தார். பையன் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டால் "நான் கேட்டது அது இல்லையப்பா" என்று சொல்ல அவரால் முடியும்.

அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போனதுதான் இந்தப் பரீட்சையின் சரித்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1922-ல் பரீட்சையை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் கட்டுரை விடைகள் போய், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மாதிரியான கேள்விகள் வந்தன. யார் திருத்தினாலும் ஒரே மார்க் என்பது நியாயம்தான். கூடவே ஒரு புது ஆபத்தும் வந்தது. ஒரு கேள்வியை விட்டுவிட்டு, அடுத்த விடையை அதன் கட்டத்தில் குறித்தால் வரிசையே ஒன்று தள்ளிப்போகும். உங்களுக்கு விடை தெரியும் என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது.

வெளிநாட்டில் படித்தவர்களைச் சோதிக்க 1956-ல் இ.சி.எஃப்.எம்.ஜி. என்ற அமைப்பு வந்தது. அதன் முதல் பரீட்சை 1958-ல் நடந்தது. அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை, நம் பிள்ளைகளுக்கு வேறு பரீட்சை. 1992-ல் யு.எஸ்.எம்.எல்.இ. அறிமுகமான பிறகுதான் இரு தரப்பும் ஒரே கேள்வித்தாளுக்கு வந்தார்கள்.

1999-ல் காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. சென்னையிலோ மும்பையிலோ உள்ள மையத்தில் தேதியை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. 2004-ல் மனிதர் ஒருமுறை திரும்பி வந்தார். நோயாளியாக நடிப்பவர்களைப் பரிசோதித்துக் காட்டும் தேர்வு அது. அமெரிக்காவில் ஐந்தே ஊர்களில் நடந்தது. இங்கிருந்து விசா, டிக்கெட் எல்லாம் எடுத்துப் போய் எழுதினார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது, 2021 ஜனவரியில் அதைக் கைவிட்டார்கள்.

ஆக இன்றைக்கு ஸ்டெப் ஒன்று என்பது ஒரு பையன், ஒரு திரை, ஒரு கடிகாரம், எட்டு மணி நேரம். அன்றைய தவறுகள் பலவும் இதிலிருந்து வருபவைதான்.

தப்பான விடைக்கு மார்க் குறையாது. ஆனாலும் "தெரியாததைத் தொடக்கூடாது" என்ற பழக்கத்தில் சிலர் காலியாக விடுகிறார்கள். ஒரு பகுதியை முடித்து வெளியே வந்துவிட்டால் அதற்குள் திரும்பப் போக முடியாது. இடைவேளை நேரத்துக்கு மணி அடிக்க யாரும் இல்லை, நாமேதான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். காலையிலேயே செலவழித்துவிட்டால் மத்தியானம் சாப்பிட நேரம் இருக்காது. காய்ச்சலோடு போய் உட்கார்ந்து பாதியில் எழுந்து வந்தால் அதுவும் ஒரு முயற்சியாகக் கணக்கில் சேரலாம். ஒரு ஸ்டெப்புக்கு ஆறு முயற்சி என்று இருந்ததை 2021-ல் நான்காகக் குறைத்துவிட்டார்கள்.

இனி என் அக்கா மகன் கதை. பாஸ்போர்ட்டில் அவன் பெயரோடு அப்பா பெயர் முழுசாக இருந்தது. பரீட்சைக்கான பெர்மிட்டிலோ, மார்க் ஷீட்டில் உள்ளபடி வெறும் இனிஷியல். நமக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் பெயரும் கடைசிப் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே பெர்மிட்டில் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் தற்செயலாக அக்காதான் பார்த்தாள். "ஏண்டா, இதில் அப்பா பெயரே காணோமே?" என்றாள். எழுதிப்போட்டுத் திருத்தி, புது பெர்மிட் வாங்கிப் போனான். தேறியும்விட்டான்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் எங்கள் பழைய மேனேஜர், கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால் செக்கைத் திருப்ப மாட்டார். "ஐயருக்குக் கை நடுங்கும், எனக்குத் தெரியும்" என்று பாஸ் பண்ணிவிடுவார். இன்று அப்படி முடியாது. கே.ஒய்.சி.யில் ஓர் எழுத்து மாறினால் கணினி நிறுத்திவிடும். முகம் தெரிந்தவர் செய்த வேலை இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துச் சலுகை தருவது எல்லோருக்கும் கிடைத்ததில்லையே.

ஆனால் அந்த மேனேஜர் போலப் பார்க்க வீட்டில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும். உடலியல் நமக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்கத் தெரியும், பாஸ்போர்ட் காலாவதியாகவில்லையே என்றும் பார்க்கத் தெரியும். பரீட்சை எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்று ராத்திரியே பார்த்துவிடுங்கள்.