ஆவாரம்பட்டை முதல் முச்சுருள் வரை: சென்னையில் தோல் வேதியியலின் பாதை

அடையாறில் 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு ‘ட்ரிப்பிள் ஹெலிக்ஸ்’ என்று பெயர். தோலில் உள்ள கொலாஜன் புரதத்தின் முச்சுருள் அமைப்பைக் குறிக்கும் பெயர் அது. அந்த அமைப்பின் கண்டுபிடிப்பை ஜி. என். ராமச்சந்திரன் என்ற மேதையின் தனிச் சாதனையாகவே சொல்லிவருகிறோம். தோல் தொழில் வேரூன்றிய ஊரில் அது நிகழ்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நிறைவடையும் என்பது என் கருத்து.

உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்குகிறது. பாக்டீரியாக்களின் நொதிகள் அதன் புரதங்களை அறுத்துத் தின்கின்றன. உப்பும் சுண்ணாம்பும் கண்ட பிறகு, அந்தத் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் ஊறவைப்பது நம் பழைய முறை. கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அது கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானின் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றுவதால் வருவது. தோல் தொட்டியில் நடப்பதும் அதே வினைதான். மேயும் வாய்க்கு அஞ்சிச் செடி சேர்த்துவைத்த துவர்ப்பு, மேய்ந்த மாட்டின் தோலையே காக்கிறது! இப்படிப் பதனிட்ட சென்னைத் தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலைத் தொடங்கிவைத்தார். பதனிடாத ஈரத்தோல் சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுருங்கிவிடும். குரோம் ஏறிய தோலோ கொதிநீரையே தாங்கும். ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டு, அது சுருளாமல் கிடந்தால் பதம் சரி என்பது தொழிற்கூடத்துச் சோதனை. கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளைக் குரோமியம் குறுக்கே பிணைத்துவிடுவதே இந்த உறுதிக்குக் காரணம்.

அந்தக் கொலாஜன் எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது? 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியராக வந்த ராமச்சந்திரனுக்கு, இங்கே வருகைதந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொடுத்தார். எக்ஸ்-கதிர்ப் படத்துக்கு நல்ல இழை வேண்டும். அருகிலிருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. அதை வைத்து அவரும் உடன் ஆய்வுசெய்த கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் முதல் மாதிரியையும், 1955இல் திருத்திய முறுக்குமாதிரியையும் வெளியிட்டனர். கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். மூன்று இழைகள் நெருங்கி முறுக்கிக்கொள்ளும் நடுவே அந்தச் சின்னஞ்சிறு மூலக்கூறு மட்டுமே கொள்ளும். புதிர் அவிழ்ந்தது அங்கேதான்.

எதிர்ப்பும் வந்தது. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றது சென்னை மாதிரி. ஒன்றுதான் என்றனர் ஆய்வாளர்கள் அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குவதாகவும் சொன்னார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் தேடத் தொடங்கினார். அந்தத் தேடல்தான் சக ஆய்வாளர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட, இன்று புரத ஆய்வாளர் எவரும் பயன்படுத்தும் ‘ராமச்சந்திரன் வரைபட’மாக விளைந்தது. நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதையும், சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் பாலம் போடுவதையும் 1994இல் வந்த படிக ஆய்வு காட்டியது.

உயிருள்ள உடலில் இந்த முறுக்கு நிலைக்க, கொலாஜனில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டும். அதைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். வைட்டமின் சி வெகுநாள் கிடைக்காத உடலில் ஈறில் குருதி கசிவது இதனால்தான்.

பதனிடும்போது தோலைப் பற்றாமல் விடுபடும் குரோமியத்தின் கதை வேறு. வழக்கமான முறையில் இட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழிவுநீரில் போய்விடுகிறது. தோல் ஆலைக் கழிவுகளை எதிர்த்துப் பாலாற்றங்கரை மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது; மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை உறுதிப்படுத்தியது. அடையாறு நிறுவனம் பரப்பிய மீட்பு முறையில், கழிவுநீரில் மக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாகக் கீழே படிகிறது. அந்தப் பச்சை வண்டலைக் கந்தக அமிலத்தில் கரைத்து, மறுபடியும் பதனிடும் டிரம்முக்கே அனுப்புகிறார்கள்.