இடக்கையின் பங்கு

சுட்டியைத் தொடாமல் குறுக்குவிசைகளாலேயே கணினியை இயக்குவோரைக் கண்டு வியக்கிறோம். சுட்டியும் விசையும் ஒன்றுக்கொன்று பகையென்றும் எண்ணுகிறோம். வரலாறு வேறு சொல்கிறது.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் சுட்டியை அவையறிய இயக்கிக் காட்டினார். அவருடைய வலக்கையில் சுட்டி. இடக்கையின் கீழ் ஐந்தே விசைகள் கொண்ட சிறு பலகை. ஆர்மோனியக் கட்டைகளைப் போல அவ்விசைகளைத் தனித்தும் சேர்த்தும் அழுத்தினால் 31 குறிகள் பிறக்கும். வலக்கை இடத்தைச் சுட்ட, இடக்கை ஏவல் சொல்லும். பயில உழைப்பு வேண்டும். உழைத்தவருக்கு ஆற்றல் பெருகும் என்பது அவர் துணிபு.

சந்தையோ எளிமையை விரும்பியது. சுட்டி பரவியது, ஐந்துவிசைப் பலகை மறைந்தது. 1984இல் வெளிவந்த முதல் மக்கின்டாஷின் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே இல்லை. பயனர் சுட்டியையே நாடவேண்டும் என்பது ஏற்பாடு.

ஆயினும் இடக்கை முற்றும் தோற்கவில்லை. 1970களில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியோருள் ஒருவர் லாரி டெஸ்லர். பின்னர் அவர் பணியாற்றிய ஆப்பிள் நிறுவனத்தின் லீசா கணினி 1983இல் வந்தபோது, இசட், எக்ஸ், சி, வி என்னும் அடுத்தடுத்த நான்கு விசைகள் செயல்தவிர்த்தல், வெட்டல், படியெடுத்தல், ஒட்டல் ஆகியவற்றுக்கு உரியனவாயின. எக்ஸ் எழுத்து, எழுதியதை அடித்துவிடும் கோட்டை நினைவூட்டுவது. நான்கும் இடக்கைக்கு எட்டும் மூலையில் அமைந்தவை. வலக்கை சுட்டியை விடவேண்டியதில்லை.

டெஸ்லர் 2020இல் மறைந்தார். அந்நான்கு விசைகளை அழுத்தும்போதெல்லாம், எங்கல்பார்ட் இடக்கைக்கு ஒதுக்கிய பங்கில் ஒரு சிறு பகுதியை நாம் மீட்டுக்கொள்கிறோம். எஞ்சியதைப் பெற, பயிலும் பொறுமை வேண்டும்.