வழித்துணை

அரேபியத் தீபகற்பத்தின் தெற்கே, ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்துகிடக்கும் மணற்பரப்புக்கு ருப்-அல்-காலி என்று பெயர். வெறுமையான காற்பகுதி என்று அர்த்தம். அங்கே ஒட்டகம் மேய்த்துத் திரிந்த பெதூயின்கள் இப்பெயரைச் சொன்னதில்லை. அவர்களுக்கு அது ‘மணல்’, அவ்வளவுதான். வெறுமை என்பது வெளியிலிருந்து பார்த்தவன் இட்ட பெயர். (நம்முடைய ‘பாலைவனம்’ இன்னும் விசித்திரம். வனமும் அல்லவா கூடச் சேர்ந்துகொண்டிருக்கிறது! நான் மணல் என்றே எழுதுகிறேன்.)

இந்த மணலை முதலில் கடந்தவர் பெர்ட்ரம் தாமஸ் என்கின்றன புத்தகங்கள். மஸ்கத் சுல்தானிடம் மந்திரியாக இருந்த ஆங்கிலேயர். 1930 டிசம்பரில் ஸலாலாவிலிருந்து கிளம்பி 1931 பிப்ரவரியில் தோஹா சேர்ந்தார். 1932ல் ஃபில்பி வேறு பாதையில் போனார். பிறகு வில்ஃப்ரெட் தெஸிகர், 1946-47லும் 1947-48லுமாக இருமுறை. லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொஸைட்டி தாமஸுக்கு 1931லும் தெஸிகருக்கு 1948லும் பதக்கம் அளித்தது.

தெஸிகரின் ‘அரேபிய மணல்’ (1959) இவ்வகைப் புத்தகங்களில் தலையாயது. அதைப் படித்துக்கொண்டு போகிறவன் ஓரிடத்தில் நின்றுவிட வேண்டியிருக்கிறது. முதல் பிரயாணத்தில், கூட வந்த பைத் கதீர் குலத்தாரில் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். எஞ்சுவது நான்கு பேர். அவர்களில் ராஷித் குலத்தைச் சேர்ந்த அல் அவுஃப்தான் வழி அறிந்தவன். இந்த மணலை முன்பே கடந்திருக்கிறான். யார் யார் கூட வந்தார்கள் என்று தெஸிகர் கேட்கிறார். தனியாகத்தான் போனேன் என்கிறான் அவன். துணைக்குக் கடவுளைச் சொல்கிறான். தெஸிகர் பிரமித்துப்போகிறார். நேர்மையான மனிதராதலால் அந்தப் பிரமிப்பையும் எழுதிவைக்கிறார். புத்தகத்தையே பின் கபீனா, பின் கபைஷா என்ற இரு ராஷித் இளைஞர்களுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார். ஆனால் ‘கடத்தல்’ என்ற காரியம் பதிவாவது எழுதுகிறவனின் பெயரில். அல் அவுஃப் போய்வந்தது சரித்திரமல்ல, பிழைப்பு.

தாமஸுக்கு முன்னால் நின்றவர் ராஷித் தலைவர் ஸாலிஹ் பின் கலூத். இவர்களை ‘வழிகாட்டி’ என்று மொழிபெயர்ப்பது போதாது. பெதூயின்களிடம் ‘ரபீஆ’ என்றொரு வழக்கம் உண்டு. குலங்களுக்கிடையே தீராத ரத்தப்பகை. ஒரு குலத்தின் எல்லைக்குள் அந்நியன் போகவேண்டுமானால் அந்தக் குலத்தானையோ, அவர்களோடு உறவு கொண்ட குலத்தானையோ கூட அழைத்துப்போக வேண்டும். அந்நியன்மீது கைவைத்தால் அது அவன்மீது கைவைத்தது போல. சொந்தச் சகோதரனே எதிர்த்து வந்தாலும் அவன் வழித்துணையின் பக்கம்தான் நிற்கவேண்டும். தவறினால் அவன் பெயர் கிணற்றுக்குக் கிணறு நாறும். தெஸிகர் பணம் கொடுத்தார், அதை மறைக்கவுமில்லை. ஆனால் கூலி வாங்கியவன் எடுத்துக்கொண்ட பொறுப்பு கூலியின் அளவைச் சேர்ந்ததாக இல்லை.

விருந்தும் இப்படித்தான். பல நாள் அரைப்பட்டினிக்குப் பிறகு ஒரு முயல் கிடைக்கிறது. அதைச் சமைத்துவிட்டு உட்காரும்போது மணல்மேட்டின்மேல் ஆட்கள் தெரிகிறார்கள். வந்தவர்களுக்கு முழுவதையும் பரிமாறிவிட்டு, தங்களுக்குப் பசியே இல்லாதது போல இருந்துவிடுகிறார்கள். தெஸிகருக்கு உள்ளுக்குள் ஆத்திரம். அதையும் எழுதியிருக்கிறார். விருந்தோம்பலை வியந்து எழுதுகிறவர்களில் வயிறு எரிந்ததைச் சொன்னவர் அபூர்வம்.

1948 தொடக்கத்தில் இந்த வழக்கம் வேறொன்றோடு மோதுகிறது. இப்ன் ஸவூத் மறுத்தும் கேளாமல் மணலைத் தாண்டி ஸுலைய்யிலை அடைந்த தெஸிகரும் துணைவர்களும் பிடிபடுகிறார்கள். அரசரிடம் ஃபில்பி பரிந்து பேசியதில் விடுதலை. கவனிக்கவேண்டியது, அங்கே கேட்கப்பட்டது கூட வருபவன் எந்தக் குலம் என்பதல்ல, யாருடைய அனுமதி என்பது. அரசு என்று ஒன்று மணலின் விளிம்புவரை வந்துவிட்ட பிறகு ரபீஆவுக்கு வேலை குறைகிறது. லாரி வந்தது. 1962ல் அபுதாபியிலிருந்து எண்ணெய் கப்பலேறியது. 1977ல் திரும்பிப் போன தெஸிகர் கண்டவை எல்லாவற்றையும் வெறுத்தார். தாம் வரைந்த படங்களே பின்னால் வந்தவர்களுக்கு உதவின என்பதையும் அறிந்திருந்தார். அந்தத் துக்கம் உண்மையானது. ஆனால் அதில் முழுமனதாகப் பங்குகொள்ள எனக்கு முடியவில்லை. பட்டினியை அவர் தேர்ந்தெடுத்தார். ஐந்து வருஷம் கழித்து விட்டுவிடவும் முடிந்தது. பின் கபீனாவுக்கு அது பிறந்த வீடு. லாரியை அவன் விரும்பினால் அதைச் சீரழிவு என்று சொல்ல வேறு யாருக்கு உரிமை?

மணலுக்கு வழிகாட்டுவது இன்று தொழில். ஜோர்டானின் தெற்கில் வாதி ரம்மில் பெதூயின்களே முகாம் வைத்து, ஜீப்பில் அழைத்துப்போய், ஆட்டுமயிர்க் கூடாரத்தில் ஏலக்காய்க் காப்பி கொடுத்து, குழியில் புதைத்து வேகவைத்த இறைச்சி பரிமாறுகிறார்கள். காசு கொடுத்தவனுக்கும் விருந்தாளி என்றுதான் பெயர். பெட்ராவின் குகைகளில் வாழ்ந்த பெதுல் குலத்தாரை 1985ல் அரசு வெளியேற்றிக் கட்டின வீடுகளில் குடியேற்றியது. பெட்ரா, வாதி ரம் பெதூயின்களின் வாழ்முறையை மானுடத்தின் பாரம்பரியச் செல்வமாக யுனெஸ்கோ அறிவித்தது 2005ல். இருபது வருஷ இடைவெளி. இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அல் அவுஃபுக்குக் கிடைக்காத ஒன்று இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது: பிரயாணத்தை நடத்துவது நாங்கள் என்று சொந்தப் பெயரைப் பலகையில் எழுதிவைக்கிறார்கள்.

இடங்களின் பெயர் மட்டும் இன்னும் அவர்கள் கைக்கு வந்தபாடில்லை. அங்கே படமாக்கிய ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ 1962ல் வெளிவந்தது. நுழைவாயிலருகே நிற்கும் பாறைமலைக்கு லாரன்ஸின் புத்தகத் தலைப்பையே சூட்டிவிட்டார்கள், ஞானத்தின் ஏழு தூண்கள் என்று. பெதூயின்களுக்கு அது ஜபல் அல் மஸ்மார். வழிகாட்டிக்கு இரண்டும் தெரியும். வந்தவர்களிடம் ஏழு தூண்கள் என்றே சொல்லி, போட்டோ எடுப்பதற்காக ஜீப்பை நிறுத்துகிறான்.