மணலி காற்று மாசு 'டேட்டா' யாருடையது? இணையதளத்தை ஆதாரமாகக் காட்டும் முன் இதைக் கவனிங்க!

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பகுதியில் காற்று மாசு பற்றி மனு கொடுப்பவர்களும் சரி, ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களும் சரி, கடைசியில் 'ஆதாரம்: இணையதளம்' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவது உண்டு. 'எந்த இணையதளம், யார் வெளியிட்டது?' என்று எதிர்த்தரப்பு கேட்டால் அந்த வரி நிற்காது. வெளியீட்டாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

அளந்தது யார், வெளியிட்டது யார்?

நாடு முழுவதுக்குமான காற்றுத் தரக் குறியீட்டை வெளியிடுவது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அதன் தளத்தில் மணலிக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. 'மணலி' மத்திய வாரியத்துடையது. 'மணலி கிராமம்' தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது. ராயபுரம், கொடுங்கையூர் நிலையங்களும் மாநில வாரியத்தின் கணக்கில்தான் வரும். நிலையத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே இந்த விவரம் இருக்கும். எனவே அளந்தவர், வெளியிட்டவர் என இரண்டு பெயரையும் குறிப்பிட வேண்டும்.

ஆப்பில் பார்த்தால் போதாதா?

போதாது. ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 நுண்துகள் இருந்தால், இந்தியக் குறியீட்டில் அது 100, அதாவது 'திருப்திகரம்'. அதே அளவு அமெரிக்கக் குறியீட்டில் 150-ஐத் தாண்டி 'ஆரோக்கியமற்றது' ஆகிவிடும். ஆப் எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்தால் சிக்கல்தான்.

பக்கத்தின் அடியில் பாருங்க

மாவட்ட இணையதளங்களின் அடியில் இரண்டு பெயர்கள் இருக்கும். உள்ளடக்கம் மாவட்ட நிர்வாகத்துடையது. தளத்தை உருவாக்கித் தருவது தேசிய தகவலியல் மையம். புத்தகத்துக்கு அச்சகம் மாதிரிதான் இந்த மையம், பதிப்பகம் அல்ல. மேற்கோளில் வர வேண்டியது மாவட்ட நிர்வாகத்தின் பெயர்.

அரசுத் தளத்தில் இருந்தால் அரசு அறிக்கையா?

எல்லாமே அப்படி இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' தளத்தில் கிடைக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள், அனுமதி கேட்கும் நிறுவனங்கள் ஆலோசகர்களை வைத்துத் தயாரித்தவை. அதை 'அரசே சொன்னது' என்று மனுவில் எழுதினால் வாதம் அங்கேயே பலவீனமாகிவிடும்.

சுருக்கப் பெயரிலும் கவனம் தேவை. சிபிசிஎல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நிறுவனம். சிபிசிபி மத்திய வாரியம். ஓர் எழுத்து மாறினால், கண்காணிக்கும் அமைப்பின் பெயர் போய் ஆலையின் பெயர் வந்துவிடும்.

மேற்கோளில் என்னென்ன வேண்டும்?

தயாரித்தவர், தலைப்பு, வெளியிட்டவர், வெளியான தேதி, பார்த்த தேதி, முழு இணைய முகவரி. காற்றுத் தர அளவு மணிக்கு மணி மாறும் என்பதால் நேரமும் அவசியம். பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால், எண் மாறிய பிறகும் கையில் ஆதாரம் இருக்கும்.